திரையில் பார்த்ததற்கே தூக்கம் போகுமா?

மனசு சம்பந்தமாக நீங்கள் அனுப்பும் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதி வருகிறேன். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செய்தி பார்ப்பதைச் சுற்றியே இருந்தன: நெரிசல், போர், வெள்ளம், அதையெல்லாம் போனிலும் டிவியிலும் பார்த்துவிட்டுத் தூங்க முடியாமல் கிடப்பது. அதனால் மாமியார் மருமகள் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

கரூர் நெரிசல் நடந்த ராத்திரியிலிருந்து நாள் கணக்கில் அதே வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. ஆனாலும் கண்ணை மூடினால் சிதறிக் கிடந்த செருப்புகளும், ஆஸ்பத்திரி வாசலில் கேட்ட அழுகையும்தான் வருகின்றன. பஸ்ஸில் கூட்டம் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது. "நீ என்ன அங்கேயா இருந்தாய்?" என்று கணவர் கேலி செய்கிறார். எனக்கு ஏதாவது கோளாறா?
*வாசகி, திண்டுக்கல்*

கோளாறு இல்லை. உங்கள் கணவர் கேட்ட அதே கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள், கிடைத்த பதில் அவர் பக்கம் இல்லை.

2013 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் மாரத்தான் ஓட்டம் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு குண்டுகள் வெடித்தன. 3 பேர் இறந்தார்கள், 260 பேருக்கு மேல் காயம். அடுத்த சில வாரங்களுக்குள் அலிசன் ஹோல்மன், டானா ரோஸ் கார்ஃபின், ராக்சேன் கோஹன் சில்வர் என்கிற மூன்று ஆராய்ச்சியாளர்கள் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நாட்டின் மற்ற பகுதிகளிலுமாக 4,675 பேரிடம் விசாரித்தார்கள். தூக்கம் எப்படி, திடுக்கிடல் உண்டா, வேண்டாம் என்றாலும் அந்தக் காட்சி மனதில் வருகிறதா, இப்படி. குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களுக்குத்தான் அறிகுறிகள் அதிகம் இருக்கும் என்று யாருமே நினைப்போம், இல்லையா? ஆனால் சம்பவம் நடந்த வாரத்தில் தினம் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அது தொடர்பான செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம், நேரில் இருந்தவர்களை விடவும் அறிகுறிகள் அதிகமாக இருந்தன.

முதலில் கேட்கும்போது நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் கொஞ்சம் யோசித்தால் அதில் ஒரு நியாயம் தெரியும். நேரில் இருந்தவர் அதை ஒரு தடவை பார்த்தார். பயந்தார், ஓடினார், யாரையோ தூக்கினார், வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு அதில் ஒரு முடிவு இருந்தது, செய்வதற்கு ஏதோ ஒன்றும் இருந்தது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டுமே கிடையாது. பத்து வினாடித் துண்டு ஒன்று, அதில் ஒரு சிவப்பு வட்டம், ஒரு அம்புக்குறி, பின்னணியில் திகில் படத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு இசை. அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. கீழே ஓடுகிற எழுத்து மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் போனில் பார்த்ததோ இன்னும் மோசம், ஏனென்றால் ஒரு வீடியோவை முழுதாகப் பார்த்துவிட்டால் அதே மாதிரி பத்தை அந்தச் செயலியே கொண்டுவந்து கொட்டும். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 உயிர்களைப் பறித்த நெரிசல் நடந்தது ஒரே ஒரு தடவைதான். உங்கள் போனில் அது எத்தனை தடவை நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதனால் உங்களுக்கு ஒரு பெரிய நோயின் பெயரைச் சூட்டிவிட முடியாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடே, டிவியிலோ போனிலோ பார்த்ததை மட்டும் வைத்து அதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு என்று முடிவுகட்டக் கூடாது, வேலை நிமித்தமாகப் பார்க்க வேண்டியிருந்தால் மட்டுமே அது கணக்கில் வரும் என்கிறது. ஆக, நோய் என்று பயப்படவும் வேண்டாம், "ஒன்றுமில்லை, சும்மா இரு" என்று ஒதுக்கவும் வேண்டாம். வீடியோ தானாக ஓடுவதை செட்டிங்ஸில் போய் நிறுத்துங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள். கரூர் விசாரணை என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமா, பேப்பரில் படியுங்கள். அழுகைச் சத்தம் பேப்பரில் கிடையாது. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து பஸ்ஸில் போய் வர ஆரம்பியுங்கள், பஸ்ஸையே விட்டுவிடாதீர்கள், விட்டால் அந்தப் பயம் நிலைத்துவிடும். ஒரு மாதம் கழித்தும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் போன் பண்ணுங்கள், காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கணவருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அப்பா ரிட்டயர்ட் ஆனவர். 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் சண்டை வந்தபோது செய்திச் சேனல் போட்டவர், இன்னும் அணைக்கவில்லை. எந்த ஊரில் எது நடந்தாலும் நமக்கு வந்துவிடும் என்கிறார். அந்த மே மாதம் அரிசி, மண்ணெண்ணெய், மெழுகுவர்த்தி எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டார். நாங்கள் இருப்பது சேலத்தில்! டிவியை அணைத்தால் கோபம் வருகிறது. என்ன செய்வது?
*வாசகர், சேலம்*

அப்பாவை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நாட்களில் ஸ்டுடியோவுக்குள் வான்தாக்குதல் சைரனைப் போட்டுவிட்டுச் செய்தி வாசித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? எந்த அளவுக்குப் போனது என்றால், மத்திய உள்துறையின் கீழுள்ள குடிமைப் பாதுகாப்பு இயக்குநரகமே, விழிப்புணர்வுக்குத் தவிர வேறெதற்கும் அந்தச் சத்தத்தைப் போடாதீர்கள், நிஜமாகச் சைரன் ஊதும்போது மக்கள் சட்டை செய்யாமல் போய்விடுவார்கள் என்று சேனல்களுக்கு எழுத வேண்டியதாயிற்று. மே 8 ராத்திரி கராச்சி துறைமுகத்தை நம் கடற்படை தாக்கிவிட்டது என்று சில சேனல்கள் அறிவித்தன. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஹாலில் தனியாக உட்கார்ந்து இதையெல்லாம் உண்மை என்று நம்பிய ஒரு பெரியவர் மெழுகுவர்த்தி வாங்கினார் என்றால், அவருக்குக் கிடைத்த தகவலின்படி அது சரியான காரியம்தான்.

உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. பார்ப்பதால் பயப்படுகிறாரா, பயப்படுகிற சுபாவம் உள்ளவர் என்பதால் பார்க்கிறாரா? பாஸ்டன் ஆய்வைப் பற்றிக்கூட இப்படிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதனாலேயே அந்தக் குழு அதோடு நிறுத்தாமல் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மூன்று வருடம் தொடர்ந்து கவனித்தது. இடையில் 2016 ஜூனில் ஆர்லாண்டோ நகரத்தின் ஒரு இரவு விடுதியில் துப்பாக்கிச் சூடு நடந்து 49 பேர் கொல்லப்பட்டார்கள். 2019இல் வெளியான முடிவு இது: பாஸ்டன் செய்தியை அதிகம் பார்த்தவர்களுக்கு அறிகுறிகள் அதிகம், அறிகுறிகள் இருந்தவர்களுக்கு, நாளைக்கு நமக்கும் இப்படி ஆகிவிடுமோ என்ற கவலை அதிகம், அப்படிக் கவலைப்பட்டவர்கள் ஆர்லாண்டோ செய்தியை இன்னும் அதிகம் பார்த்தார்கள், பார்த்ததால் மறுபடி அவதி. ஆக இரண்டுமே உண்மை, ஒன்று மற்றொன்றுக்குத் தீனி போடுகிறது. அப்பா பொழுது போகாமல் பார்க்கவில்லை. காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். காவல்காரரிடம் போய்ப் பட்டென்று டிவியை அணைத்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அதனால் அணைக்காதீர்கள், நேரம் பேசி முடிவு பண்ணுங்கள். கொரோனா தொடங்கிய 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனம் இதைத்தான் சொன்னது: செய்தியை நாளுக்கு ஒன்றிரண்டு தடவை, குறித்த நேரத்தில் பார்த்தால் போதும், நாள் முழுக்க வேண்டாம். "அப்பா, சாயங்காலச் செய்தி ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்காருங்கள். விவாத நிகழ்ச்சி மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் செய்தியே கிடையாது, ஆறு பேர் ஆறு கட்டத்துக்குள் இருந்து கத்துவதுதான். பார்க்கும்போது இது எங்கே நடந்தது, எப்போது எடுத்தது, யார் சொன்னது என்று சும்மா பேச்சுவாக்கில் கேளுங்கள். பழைய காட்சியைப் புதுசு மாதிரி போடுகிறார்கள் என்பதை அவரே கண்டுபிடித்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஆள் என்பதால் ரேடியோ பழக்கம் இருக்கும், ஆகாசவாணியின் சின்னச் செய்தியறிக்கையில் உலகமே வந்துவிடும். இன்னொன்று, வீட்டில் அவருக்கு வேறு ஏதாவது பொறுப்பு இருக்கிறதா? பால் வாங்குவது, கரண்ட் பில் கட்டுவது, பேரனை டியூஷனில் விடுவது? காவல்காரருக்கு வேறு வேலை கொடுங்கள்.

நான் 96இல் கனடாவுக்கு வந்தனான். 2009 மே வரைக்கும் இரவிரவாக இணையத்தில் வன்னிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்ப காசாப் படங்கள் வந்தாலும் எனக்கு முள்ளிவாய்க்கால்தான் தெரியுது. பிள்ளைகள் "பார்க்காதேங்கோ அம்மா" என்று சொல்லுகினம். பார்க்காமல் விடுறது துரோகம் மாதிரி இருக்கு.
*வாசகி, டொராண்டோ*

உங்களுக்கு நான் முதல் கடிதத்துக்குச் சொன்ன பதிலைச் சொல்ல முடியாது. திண்டுக்கல் வாசகி பார்த்தது தெரியாதவர்களை. நீங்கள் அன்றைக்குச் செய்தி பார்க்கவில்லை, ஆள் தேடிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் படத்தின் மூலையில் நிற்பது தங்கையா, அந்தக் கூடாரத்துப் பிள்ளை மச்சாளின் பிள்ளையா என்று. போன் வேலை செய்யாத இடத்தில் அந்தப் படங்களைத் தவிர வேறு வழி என்ன இருந்தது?

ஆனால் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் காயம் ஆழம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2001இல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்ட பிறகு மன்ஹாட்டன்வாசிகளிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். கட்டடத்திலிருந்து மனிதர்கள் விழுகிற காட்சியை டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களிடம் மனச்சோர்வும் அதிர்ச்சியின் அறிகுறிகளும் அதிகம் இருந்தன. அதிலும் அந்தச் சம்பவத்தால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களிடம், சொந்த மனிதரை இழந்தவர்களிடம்தான் இந்தத் தொடர்பு அழுத்தமாகத் தெரிந்தது. சொந்த இழப்பும் திரைக் காட்சியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. அடுத்தது காசா. பல பேரழிவுகளைப் பார்த்துவிட்டவருக்கு மனம் மரத்துப்போகும் என்று ஒரு பேச்சு உண்டு. பாஸ்டன் ஆய்வுக்காரர்கள் அதையும் சோதித்தார்கள். 2001 தாக்குதல், சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூடு, சாண்டி புயல் என்று முந்தைய சம்பவங்களை நேரிலோ ஊடகம் வழியாகவோ அதிகம் சந்தித்தவர்களுக்கு பாஸ்டன் குண்டுவெடிப்பின்போது அவதி கூடுதலாகத்தான் இருந்தது. மரத்துப்போகவில்லை, சேர்ந்துகொண்டே போனது. ஆகவே காசாப் படத்தில் உங்களுக்கு முள்ளிவாய்க்கால் தெரிவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

துரோகம் என்ற சொல்லைப் பற்றி. அன்றைக்கு நீங்கள் பார்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இன்றைக்கு நடுச்சாமத்தில் தனியாகக் கட்டிலில் இருந்து பார்ப்பதால் வன்னியில் போனவர்களுக்கோ காசாவில் இருப்பவர்களுக்கோ என்ன கிடைக்கிறது? கடுமையாகக் கேட்கிறேன் என்று தெரியும். மே மாதத்து நினைவேந்தலுக்குப் போங்கள், விளக்கேற்றுங்கள், பெயர் சொல்லி அழுங்கள், அங்கே பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள். காசாவுக்காக ஏதாவது செய்யத் தோன்றினால் உதவிப் பணமோ ஊர்வலமோ, உங்கள் விருப்பம். பிள்ளைகளிடம் அந்த 2009ஐப் பற்றி எப்போதாவது முழுதாகச் சொல்லியிருக்கிறீர்களா? "பார்க்காதேங்கோ" என்று சொல்கிற பிள்ளைகளுக்கு நீங்கள் யாரைத் தேடினீர்கள் என்று தெரியுமா என்பதுதான் என் சந்தேகம்.

செய்தி பார்க்காதே, போனைத் தூக்கிப் போடு என்று எல்லோரும் உபதேசம் செய்கிறீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்களுக்குப் படகு வந்ததே ட்விட்டரால்தான். உங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் மூழ்கியிருப்போம்.
*வாசகர், சென்னை, மேற்கு சைதாப்பேட்டை*

நியாயமான கோபம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டு அடையாறு வீட்டுக்குள் வந்த அந்த ராத்திரி, எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு, எந்த மண்டபத்தில் சாப்பாடு, யாரிடம் படகு என்பதைச் சாதாரண ஜனங்கள்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதை யாராவது பார்க்காதே என்று சொன்னால் அவரை நானே திட்டுவேன்.

ஆனால் அதே வாரம், அதே போனில், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து ஈசிஆரில் திரிகின்றன என்றும் வந்தது, நினைவிருக்கிறதா? நாசா பெயரைச் சொல்லி, சென்னையே முங்கப் போகிறது என்றும் ஒன்று வந்தது. பண்ணைக்காரர்கள் முதலைகள் பத்திரமாக இருக்கின்றன என்று தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது. படகு எண்ணும் முதலைக் கதையும் ஒரே குழுவில் அடுத்தடுத்து வரும்போது, முழங்கால் தண்ணீரில் நிற்கிறவருக்கு எது எது என்று பிரிக்க எங்கே நேரம்? அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் துப்பாக்கியோடு ஒருவர் இருப்பதாகச் சொல்லி எல்லோரையும் அறைக்குள் பூட்டிவைத்தபோது நடந்ததை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். முன்னுக்குப் பின் முரணான தகவல் அதிகம் கிடைத்த மாணவர்களுக்குத்தான் மனஉளைச்சல் அதிகம். அதிகாரபூர்வமாக எதுவும் வராமல் இருந்த இடைவெளியில்தான் வதந்தி கிளம்பியது. அதனால் என் கோபம் போனைப் பார்க்கிறவர்கள் மீது இல்லை. ஏரி திறப்பதைப் பற்றிச் சரியாக, நேரத்தோடு, தெருப் பெயரோடு சொல்ல வேண்டியவர்கள் வாய் மூடியிருந்தால் அந்த இடத்தில் முதலைதான் வந்து உட்காரும்.

உங்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்: இந்தத் தகவலை வைத்து இப்போது எழுந்து ஏதாவது செய்ய முடியுமா? முடியும் என்றால் பாருங்கள், ராத்திரி முழுக்கப் பாருங்கள். தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவிவிட்டு, மூன்றாவது வாரமும் அதே ட்ரோன் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதைத்தான் விடச் சொல்கிறேன்.

நாலு வயதுப் பையன் டிவியில் வெள்ளம் பார்த்துவிட்டு "இன்னொரு வீடு விழுந்துடுச்சு, இன்னொரு வீடு விழுந்துடுச்சு" என்று எண்ணிக்கொண்டே இருக்கிறான்.
*வாசகி, மதுரை*

ஒரே வீடுதான் விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. மறுஒளிபரப்பு என்ற ஒன்று அந்த வயதில் புரியாது, ஒவ்வொரு தடவை காட்டும்போதும் அவனுக்கு ஒரு புது வீடு. "அது ஒரே வீடுதான் கண்ணு, திருப்பித் திருப்பிக் காட்டுறாங்க, அந்த வீட்டு ஆளுங்களுக்கு உதவி செய்யறவங்க வந்துட்டாங்க, நம்ம வீடு பத்திரமா இருக்கு" என்று சொல்லுங்கள், அப்புறம் டிவியை அணைத்துவிடுங்கள். கட்டை அடுக்கி வீடு கட்டி இடித்து விளையாடினால் தடுக்க வேண்டாம். பெரியவர்கள் சாப்பிடும்போது செய்தி ஓடுகிற வீட்டில், "அவன் விளையாடிட்டுத்தானே இருக்கான்" என்று நாம் நினைத்துக்கொள்வோம். அவன் காது டிவியில்தான் இருக்கும்.

இவ்வளவு பார்த்தும் எனக்கு ஒன்றுமே ஆவதில்லை. எனக்கு மனசு கல்லா?
*வாசகர், ஈரோடு*

இல்லை. பெரும்பாலானோர் உங்களைப் போலத்தான், பார்ப்பார்கள், வருத்தப்படுவார்கள், ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடுவார்கள். 2001 தாக்குதல் நடந்து சில நாட்களில் அமெரிக்கர்களிடம் விசாரித்தபோதுகூட, கடுமையான அறிகுறி ஒன்றாவது இருப்பதாகச் சொன்னவர்கள் 44 சதவீதம்தான். அத்தனைக்கும் அவர்கள் அன்றைக்கு மட்டும் சராசரியாக எட்டு மணி நேரம் டிவி பார்த்திருந்தார்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் வீட்டில் மற்றவருக்கும் ஆகாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

நான் ஒரு செய்தி நிறுவனத்தில் டெஸ்க்கில் இருக்கிறேன். விபத்து, கலவரம் எதுவானாலும் வெட்டாத வீடியோ முதலில் என்னிடம்தான் வரும். ஒளிபரப்பாவதை விடப் பல மடங்கு கொடூரம். களத்துக்குப் போகிற நிருபர்களுக்கு இருக்கிற மரியாதை எங்களுக்கு இல்லை, ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறோமாம்.
*வாசகர், ஊர் வேண்டாம்*

மற்றவர்களுக்காக ரத்தத்தை மறைக்கிற வேலை உங்களுடையது, மறைப்பதற்காக நீங்கள் பார்த்தாக வேண்டும். மேலே ஒரு கையேட்டைப் பற்றிச் சொன்னேனே, வேலை நிமித்தம் பார்ப்பவர்கள் கணக்கில் வருவார்கள் என்று, அது உங்களைத்தான். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஆண்டனி ஃபைன்ஸ்டீனும் அவருடைய குழுவும் உங்களைப் போலப் பொதுமக்கள் அனுப்பும் வீடியோக்களைச் சரிபார்க்கிற 116 பேரை ஆராய்ந்து 2014இல் எழுதினார்கள். அவர்கள் கண்டது: ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்பதை விட, எவ்வளவு அடிக்கடி பார்க்க வேண்டி வந்தது என்பதே மனதை அதிகம் பாதித்தது. தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்பதுதான் ஆபத்து.

அதனால் உங்கள் பொறுப்பாசிரியரிடம் கேட்க வேண்டியது லீவு இல்லை, ஷிப்ட் மாற்றம். இந்த வகை வீடியோ தினமும் ஒரே ஆளிடம் வரக் கூடாது, முறை வைத்து மாற வேண்டும். நீங்களாகச் செய்யக்கூடியவையும் உண்டு. முதல் தடவை சத்தமில்லாமல் பாருங்கள், சத்தமும் மனதில் நாள்பட நிற்கும். சரிபார்க்கச் சத்தம் தேவை என்றால் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். முழுத் திரையில் ஓடவிடாமல் சின்ன ஜன்னலாக வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரிகிற இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்கிற டெஸ்க்காரர்கள் இருக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேவைப்பட்ட நொடியை எடுத்ததும் மூடிவிடுங்கள், "இன்னொரு தடவை" வேண்டாம். அடுத்தவருக்கு அனுப்பும்போது "விபத்து வீடியோ 3" என்று பெயர் வைக்காமல், எந்த நொடியில் என்ன வருகிறது என்று ஃபைல் பெயரிலேயே எழுதி அனுப்புங்கள், திறக்கிறவர் தயாராக இருப்பார்.